கடல் மேல் ஒரு ‘அ’

எங்கள் ஊருக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் லாரி வரும். அதன் பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டில் ஓர் ஏரியும் ஏரியில் ஒரு படகும் வரைந்து, ‘மல்யென்கோ ஏரி உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதியிருக்கும். அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்று வருபவர்களை நாங்கள் திங்கள், புதன், வெள்ளியில் வரச் சொல்வோம்.

உண்மையான ஏரியும் அப்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது. நட்ட நடுவில், பள்ளிக்கூட மைதானத்தில் பாதி அளவுக்கு, கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வெடித்த சேறு. படகுத்துறை தண்ணீரைவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பாலம் போலத் தொடங்கி எங்கும் போகாமல் நின்றது. படகுச் சங்கத்தின் சுவரில் ஒரு பித்தளைக் காற்றழுத்தமானி உண்டு. அதன் முள் எட்டு வருடமாக ‘நல்ல வானிலை’ என்ற எழுத்தின் மேலேயே நின்றது. கெட்டுப்போயிருக்கும் என்று ஒருமுறை கழற்றி, தலைநகர் சாந்தியாகோவில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். ஒரு பழுதும் இல்லை. அது பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் யெர்கோ. புவியியல் மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து அத்தை வீட்டுக்கு வருவேன். பாசத்தால் வருகிறேன் என்று நான் சொல்வேன். சோற்றுக்கு வருகிறான் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அத்தை ஹெர்மிண்டாவுக்கு ஊரில் ஒரு பதவி உண்டு. அவள் அனனியாஸின் விதவை. தொண்ணூற்றேழு ஜூனில் ஆறு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் அனனியாஸ் மாமா படகோடு ஏரிக்குள் போனார். படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் அகாலமாகச் செத்தால் ஆவி அந்த இடத்தைவிட்டு நகராது. அது தங்குவதற்கு நாய்க்கூடு அளவில் ஒரு வீடு கட்டிவைப்போம். அனிமிதா என்று பெயர். மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளலாம். வேண்டியது நடந்தால் ‘உதவிக்கு நன்றி’ என்று ஒரு பலகை அறைய வேண்டும். அறையாவிட்டால் கெட்டது நடக்கும். தெய்வங்களைவிட ஆவிகள் கறாரானவை.

மாமாவின் தகர வீட்டில் நூற்று நாற்பது பலகைகள் இருந்தன. முதல் பலகை எவரிஸ்டோவுடையது. தண்ணீர் லாரி ஓட்டுபவர் அவர்தான். அந்தக் காலத்தில் விறகு லாரி. மாமா போன நாலாம் மாதம், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வாயில் என்ன வந்ததோ, “அனனியாஸ் அண்ணே!” என்று கத்தியிருக்கிறார். லாரி யாரோ கையை வைத்துத் தடுத்த மாதிரி நின்றதாம். அதற்கப்புறம் தொலைந்த மாடு, பரீட்சை, மூலம், குழந்தை வரம் என்று மாமாவுக்கு ஓய்வே இல்லை. உயிரோடு இருந்தவரை அவர் யாருக்கும் ஒரு ஆணி அடித்துக் கொடுத்ததில்லை என்பதை ஊர் மறந்துவிட்டது.

ஏரி பின்வாங்கத் தொடங்கியதும் ஒரு நிர்வாகச் சிக்கல் வந்தது. ஆவி இருப்பது தண்ணீரில். வீடு இருப்பது கரையில். நடுவில் சேறு.

“நனைஞ்ச காலோட மனுஷன் எவ்வளவு தூரம்தான் நடப்பாரு?” என்று அத்தை கேட்டாள். எவரிஸ்டோ லாரியைக் கொண்டுவந்து கூட்டைத் தண்ணீர் ஓரத்துக்கு நகர்த்தினார். சில மாதத்தில் தண்ணீர் மறுபடி தள்ளிப்போனது. மறுபடி நகர்த்தினார். இப்படிப் பதினொரு தடவை. கூடு இருந்த ஒவ்வோர் இடத்திலும் உருகிய மெழுகு ஒரு வெள்ளைச் சதுரமாக உறைந்து நின்றது. மலைமேலிருந்து பார்த்தால் பதினொரு வெள்ளைச் சதுரங்கள் கரையிலிருந்து ஏரியின் நடுவுக்கு வரிசையாகப் போகும். நான் பார்த்ததை ஒத்துக்கொள்கிறேன்: காலடி மாதிரிதான் இருந்தது. போன காலடியா, வருகிற காலடியா என்றுதான் சொல்ல முடியாது.

மார்ச் கடைசி சனிக்கிழமை, அத்தை பச்சை பீன்ஸ் கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

“டேய், எப்ப வத்தும்?”

“எது?”

“உன் மூளை. ஏரியைக் கேக்கறேன்டா.”

வெயிலில் போவது, மண்ணில் இறங்குவது, மிச்சம் இருக்கும் ஆழம் என்று மனக்கணக்குப் போட்டேன். “ஏப்ரல் இருபத்தொம்பது. ஒரு நாள் முன்ன பின்ன.”

“மழை பெஞ்சா?”

“பெஞ்சா தப்பிச்சோம். ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுக்க ஏரி ஓட்டிடும்.”

“அப்ப ஒண்ணு மழை பெய்யணும். இல்லாட்டி ஊருக்கு முன்னாடி நான் சட்டிக்குப் போயாகணும்.”

சட்டி என்பது ஏரியின் ஆகக் குழிந்த இடம். வலைபோடுகிறவர்கள் வைத்த பெயர். என்ன விழுந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும் என்பார்கள்.

“எதுக்கு அத்தை? மாமா எலும்பு கிடைச்சா ஊரே சேர்ந்து எடுக்கட்டுமே.”

அத்தை ஒரு பீன்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புழு இல்லை. “உங்க மாமாவோட எலும்பெல்லாம் அவர் உடம்புக்குள்ளதான் இருக்கு. வடக்க, அந்தோஃபகாஸ்தாவுல. பிங்கோவுல நம்பர் கூவுவாளே ஒருத்தி, அவ கூட.”

“அப்ப சட்டில என்ன இருக்கு?”

“சட்டில இருக்கறது அவரோட பூட்ஸ். ரெண்டையும் ஒண்ணாக் கட்டி, உள்ள கல்லைப் போட்டு, நான்தான் இறக்கினேன். படகையும் நான்தான் கவுத்தேன். பூட்ஸ் போடாம அவர் வாசல் தாண்ட மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். ஓடிப்போறப்ப மட்டும் புது ஷூ வாங்கி வெச்சிருந்தாரு. பூட்ஸ் வீட்டுல இருந்தா போலீஸ்காரன் கேப்பான். எரிக்கலாம்னா ஆறு நாள் மழைல காஞ்ச குச்சி ஒண்ணு கிடைக்கல. உள்ள பேரு வேற சூடு போட்டிருக்கு.”

“எதுக்கு அத்தை இதெல்லாம்?”

“வாழாவெட்டின்னு சொல்வாங்கடா. விதவைன்னா கூப்பிட்டு முன்வரிசைல உக்கார வெப்பாங்க.” அவள் தோலை ஒதுக்கினாள். “இப்ப கல்லோட, முடிச்சோட பூட்ஸ் கிடைச்சா என்ன ஆகும்? நூத்தி நாப்பது பலகையையும் பிடுங்கி என் தலைல அடிப்பாங்க. அறுபத்தாறு வயசுல நான் எங்க போவேன்?”

“கூட்டை ஏன் நகர்த்திக்கிட்டே போன?”

“காவலுக்கு. ஆவி வீடு பக்கத்துல இருந்தா தண்ணில எவனும் கால் வைக்க மாட்டான்ல.”

அத்தை இன்னும் நாலு காய் உரித்தாள். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலடா யெர்கோ. அவரு உயிரோட இருக்காரு. மீன் வறுத்து வித்துக்கிட்டு இருக்காராம். அப்ப எவரிஸ்டோவோட லாரியை நிறுத்தினது யாரு?”

“எதேச்சையா நின்னிருக்கும்.”

“நூத்தி நாப்பது எதேச்சையா?” குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. “நானும் ஒரு தடவை வேண்டிக்கிட்டேன். இந்த மனுஷன் திரும்பி வரவே கூடாதுன்னு.”

“வரலையே.”

“அதான். மூணாவது வரிசைல பலகை அறைஞ்சேன். பேரு போடல.”

சாயங்காலம் ரொட்டியும் டீயும் சாப்பிடும் நேரத்துக்கு எவரிஸ்டோ வந்தார். டிவியில் வானிலைப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பின்னால் வரைபடம். எங்கள் நாடு ஓரத்தில் ஒரு கிழிசல் மாதிரி. மற்றதெல்லாம் கடல். கடல் மேல் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். எல்லா வட்டங்களுக்கும் நடுவில் பெரிதாக ஒரே ஓர் எழுத்து: ‘அ’.

எவரிஸ்டோ ரொட்டியைக் கீழே வைத்தார். “தம்பி, அந்த ‘அ’ எத்தனை நாளா அங்க இருக்கு?”

“எட்டு வருஷமா இருக்குண்ணே. முன்னெல்லாம் குளிர்காலத்துல கொஞ்சம் நகரும்.”

“நகர்ந்தா?”

“மழை வரும்.”

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். விபரீதம் கிளம்புவதை உணர்ந்து நான் அவசரமாக மேஜை விரிப்பைப் பிடித்தேன்.

“அண்ணே, அது அதிக அழுத்தம்ங்கறதுக்கு ‘அ’. பாருங்க. இந்த ஓரம் நியூசிலாந்து. அதுக்குக் கிழக்கால கடல்ல பெரிய பரப்பு ஒண்ணு வருஷா வருஷம் சூடேறிக்கிட்டே போகுது. பூமியே சூடாகுது, கடல்தான் அதை வாங்கி வெச்சுக்குது. சூடான தண்ணி மேல காத்து எழும்பும். எழும்பின காத்து அங்கேயே நிக்காது. வானத்துல ஒரு அலையைக் கிளப்பி விடும்.” விரிப்பின் ஓரத்தைத் தள்ளினேன். மடிப்பு ஒன்று மேஜையைக் கடந்து போய் எவரிஸ்டோவின் டீக்கோப்பைக்கு முன்னால் மேடாக எழுந்தது. “அந்த அலையோட இந்தப் பக்கத்து நுனி நம்ம கடல் மேல வந்து இறங்குது. காத்து கனமா குவியுது. இதான் மேடு. முன்னெல்லாம் குளிர்காலம் வந்தா மேடு வடக்க ஒதுங்கும், மேற்க இருந்து வர்ற புயல் உள்ள வரும். இப்ப ஒதுங்கறதில்ல. புயல் வந்து முட்டிட்டு, தெற்க பார்த்து நழுவிப் போயிடுது.”

“யாரு வீட்டுலயோ அடுப்பெரியுது, காயறது நம்ம பானை” என்றார் எவரிஸ்டோ. கவனமாகத்தான் கேட்டார்.

“தொண்ணூத்தேழுல?” என்றாள் அத்தை.

“அப்ப சூடேறினது பெரு பக்கத்துக் கடல். அங்க சூடானா நம்ம மேடு தணிஞ்சு போகும். புயல் வரிசையா உள்ள வரும். அதான் அந்த ஆறு நாள் மழை.”

அத்தை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் ஓடிய தடத்தை அழிக்க ஆறு நாள் மழை அனுப்பியதும், இப்போது பூட்ஸை வெளியே எடுத்துக் காட்டப்போவதும் ஒரே கடல்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எவரிஸ்டோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். “எல்லாம் சரி தம்பி. கனமா ஒண்ணு வந்து உக்காந்திருக்குன்னு நீயே சொல்ற. கண்ணுக்குத் தெரியாதுங்கற. நகர மாட்டேங்குதுங்கற. பேரு ‘அ’ன்னு ஆரம்பிக்குது. ஏரி வத்த வத்த அண்ணன் எங்கதான் போவாரு? இருபத்தோரு வருஷமா அடக்கம் பண்ணாம விட்டுட்டோம், கோவத்துல எந்திரிச்சுப் போய்க் கடல் மேல உக்காந்துட்டாரு.”

“அண்ணே—”

“படிச்சவன் நீயே நிரூபிச்சுட்ட.”

திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்க அது வேதமாகிவிட்டது. என் மேஜை விரிப்பு வேதத்தின் முதல் அதிகாரம். அனனியாஸின் எலும்பை எடுத்து முறைப்படி அடக்கம் செய்தால் ‘அ’ எழுந்து போகும், மழை வரும். குழு அமைத்தார்கள். தண்ணீர் வற்றும் அன்று அறுபது குடும்பமும் மண்வெட்டியோடு சட்டிக்குப் போவது என்று தீர்மானம். என்றைக்கு என்று என்னைக் கேட்டார்கள். மே இரண்டு என்றேன். அறிவியல் பேரால் நான் சொன்ன முதல் பொய். மூன்று நாள் நீளம்.

அத்தைக்கு இரண்டு வழி: மழை, அல்லது அந்த மூன்று நாள்.

ஏப்ரல் இருபத்துநான்கில் உண்மையாகவே ஒரு புயல் கிளம்பியது. வகுப்பில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அ’வின் ஓரம் தேய ஆரம்பித்தது. அழுத்தம் ஆயிரத்து இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு. அத்தை மணிக்கொரு தடவை செய்தி அனுப்பினாள். ‘வருதா?’ ‘வருது.’ ‘பூட்ஸ் மூழ்கற அளவுக்கு வருமா?’ ‘வரும்போல.’ ஊரில் எல்லோரும் படகுச் சங்கத்தில் கூடிவிட்டார்களாம். எட்டு வருடத்தில் முதல் தடவையாக முள் ஒரு விரற்கடை நகர்ந்து ‘மாற்றம்’ என்ற எழுத்தைத் தொட்டது. ஒரு கிழவர் முள்ளுக்குக் கைதட்டியதாக எவரிஸ்டோ சொன்னார்.

இருபத்தேழாம் தேதி மேடு திரும்ப எழுந்தது. உலகத்தின் மறுபக்கத்தில் வெதுவெதுவென்று கிடந்த கடல் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. புயல் முட்டிப் பார்த்து, நழுவி, தெற்கே போய், ஏற்கெனவே மழையில் ஊறிக் கிடக்கும் ஊர்களில் பெய்தது. வானிலைப் பெண் கைகளைத் தட்டி, “நீண்ட விடுமுறை, அருமையான வெயில்!” என்றாள். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

“உக்காந்துட்டாரு” என்றார் எவரிஸ்டோ.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அன்று தலைநகரின் பரம எதிரி அணிகள் இரண்டுக்கும் ஆட்டம். ஊரில் ஒரு ஜன்னல்கூட வெளியே பார்க்கவில்லை. நானும் அத்தையும் ஒரு மண்வெட்டியும் ஒரு மளிகைப் பையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினோம்.

ஏரிக்குள் நடப்பது என்பது சொல்லச் சாதாரணமாக இருக்கிறது. இங்கே நான் நீந்திப் பழகினேன். தலைக்கு மேல் ஆறு மீட்டர் உயரத்தில் என் பத்து வயதுக் கால்கள் உதைத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன். வெயிலில் சேறு வெடிக்கும்போது டொக், டொக் என்று சத்தம் வரும், யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவது போல. முதலில் பின்னால் கேட்டது. பிறகு முன்னால். அத்தை ஒவ்வொரு மெழுகுச் சதுரத்தையும் மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

“எதேச்சையாத்தானே?” என்றாள்.

“சேறு காயுது அத்தை.”

“அப்ப நீ ஏன் மெதுவா பேசற?”

தண்ணீர் இல்லை. ஒரு பாய் அகலத்துக்கு ஈரம் மட்டும் பளபளத்தது. பக்கத்தில் தகரக் கூடு. உள்ளே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தைக் காட்டினாள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வெட்டினேன்.

ஒரு முழம்கூடப் போகவில்லை, பூட்ஸ் வந்தது. களிமண் நிரம்பி, நாடா நாடாவோடு முடிச்சுப் போட்டபடியே. அத்தை பையை விரித்தாள். நான் இழுத்தேன். வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தது. கையால் களிமண்ணை வழித்தேன். வளைவாக ஒன்று. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று.

விலா எலும்புகள்.

இருபத்தோரு வருடத்துக்கு முன் அத்தை மழையில் படகிலிருந்து இறக்கிய பூட்ஸ், கீழே படுத்திருந்த ஒருவனின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியிருந்தது.

அத்தை மண்டியிட்டு, மாவு பிசைந்த கையைக் கழுவுகிற மாதிரி நிதானமாக, முகம் இருந்த இடத்து மண்ணைத் துடைத்தாள். பற்கள் தெரிந்தன. வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல். மாமாவுக்குத் தொண்ணூற்றேழிலேயே சொந்தப் பல் ஒன்பதுதான்.

“யாரு அத்தை?”

“தெரியல.”

“யாராவது காணாமப் போனாங்களா? எப்பவாவது?”

“இந்த ஊர்ல யாரையும் யாரும் தேடினதில்ல. அவரைத் தவிர.” அவள் பூட்ஸையும் அந்த விலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “தூங்கிக்கிட்டு இருந்திருக்கான்டா. நான்தான் கல்லைப் போட்டு எழுப்பி விட்டுட்டேன்.”

எனக்கு அந்த நேரத்திலும் புத்தி வேலை செய்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பூட்ஸில் பெயர் இருக்கிறது. கீழே எலும்பு இருக்கிறது. அத்தை இருபத்தோரு வருடமாகப் பயந்ததற்கு இதைவிட நல்ல முடிவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. கல்லை எடுத்து எறிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டால் போதும். அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் சேறு டொக் டொக்கென்றது. இந்தத் தடவை சேறு இல்லை. எவரிஸ்டோ.

அவருடைய அணி இடைவேளையில் மூன்று கோல் பின்தங்கியிருந்தது. கையில் புது மெழுகுவத்தியோடு வேண்டிக்கொள்ள வந்திருந்தார்.

குழியைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். அப்படியே முழங்காலில் விழுந்தார். “அனனியாஸ் அண்ணே!”

நான் அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஒன்றும் பேசாதே என்று அர்த்தம். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“எவரிஸ்டோ, இது அவரில்ல.”

“பூட்ஸ்ல பேரு இருக்கு அண்ணி.”

“பூட்ஸ் அவரோடது. ஆளு வேற.”

“ஒருத்தரோட பூட்ஸ் இன்னொருத்தரோட நெஞ்சுல எப்படி அண்ணி ஏறும்?”

“நான் போட்டேன்.”

சொல்லிவிட்டாள். பிங்கோ, புது ஷூ, படகு, கல், எல்லாம். முன்வரிசை நாற்காலியைக்கூட விடவில்லை. எவரிஸ்டோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உன் லாரியை நிறுத்தினவன் இவன்டா” என்றாள் அத்தை. “இருபத்தோரு வருஷமா வேற ஆளோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கோம். அப்பவும் வந்திருக்கான். அதுக்கு மேலயும் அவன் பேரை நான் திருடணுமா?”

எவரிஸ்டோவின் கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “பாவம். எவ்வளவு துக்கம்னா இப்படிக் கதை வரும்? தம்பி, அத்தைக்குக் கொஞ்சம் தண்ணி குடு.”

ஏரியின் ஆக ஆழமான இடத்தில் நின்றுகொண்டு நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீர் இல்லை.

அன்று ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று முடிந்தது. அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

எலும்பை நகரத்துக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். இருபத்தைந்து வயது இளைஞன், தண்ணீருக்குள் அரை நூற்றாண்டாவது கிடந்திருப்பான் என்று அறிக்கை வந்தது. மாமா போனபோது வயது ஐம்பத்திரண்டு. “ஊற வெச்சா எதுவும் இளசாகும்” என்றார்கள் ஊரில். பல்லைப் பற்றிச் சொன்னேன். ஆவிக்குப் பல் முளைக்காதா என்றார்கள். காகிதத்தில் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று இருந்தது; ஊர் அதை எழுத்துப் பிழை போலத் திருத்திக்கொண்டது. அந்தோஃபகாஸ்தாவுக்கு ஃபோன் போட்டு மாமாவையே வரவழைக்கலாம் என்றேன்.

“வந்து நின்னா மட்டும்?” என்றாள் அத்தை. “அடக்கத்துக்கு ஆவியே வந்துடுச்சும்பாங்க.”

அவள் விதவைப் பதவி தப்பியது மட்டுமல்ல, உயர்ந்தும் போனது. எந்த வீட்டுக்குப் போனாலும் எழுந்து நின்றார்கள். பயந்த காலத்தில் நன்றாகத் தூங்கியவள், இப்போது மதியத்தில்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், யாரோ பேச ஆரம்பிப்பார்கள் என்பது போல.

ஜூன் பத்தொன்பதில் அடக்கம். அதற்கு முந்தைய நாள் ‘அ’ வடக்கே சற்று ஒதுங்கியது. இரண்டு நாளைக்கு ஒதுங்குவது குளிர்காலத்தில் தற்செயலாகவும் நடக்கும். பெட்டியை இறக்கும்போது தூறல் ஆரம்பித்தது. பெண்கள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தார்கள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு உள்ளங்கையை நீட்டினார். எங்கள் ஊர்ச் சிறிசுகளில் பாதிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. சங்கத்து மாடியில் நான் வைத்திருந்த மழைமானியில் நான்கு மில்லிமீட்டர். ஃபோனில் அந்தத் தூரத்துக் கடலையும் பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது. போன வருடத்தைவிட அரை டிகிரி சூடு கூடியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எவரிஸ்டோ என்னைக் கட்டிக்கொண்டு, “உன் விரிப்புதான்டா தம்பி, உன் விரிப்புதான்” என்று அழுதார்.

எல்லோரும் மழையைக் கொண்டாடப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் புது மண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். எவரிஸ்டோ எங்கிருந்தோ ஒரு குடையைத் தேடிப் பிடித்து வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். எட்டு வருடம் பரணில் கிடந்து பூச்சி அரித்த குடை. ஓட்டைகள் வழியாக மழை அவள் தோளில் விழுந்தது.

அத்தை குனிந்தாள். தலைமாட்டில் நட்டிருந்த கல்லறைக் கல்லை அவள் பார்க்கவில்லை. வாசலில் வந்து நிற்கும் அந்நியப் பையனிடம் கேட்கிற குரலில், மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

“உன் பேரு என்னப்பா?”

கேட்டுவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அனனியாஸ், அண்ணி” என்றார் எவரிஸ்டோ மெதுவாக. “கல்லுலயே வெட்டியிருக்கு பாருங்க.”

“உன்னைக் கேக்கல” என்றாள் அத்தை.